லீவுக்கு எங்கேயும் போகவில்லை

இந்தக் கோடை விடுமுறை முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம். இதைச் சொன்னதும் கேட்கிறவர்களின் குரல் தணிந்துவிடுகிறது. "ஏன், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்கிறார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. யோசித்து, சந்தோஷமாக எடுத்த முடிவு. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

போன வருடம் ஐந்து நாள் பயணம் போனோம். அதில் இரண்டு நாள் சாலையிலேயே கழிந்தது. தங்கிய விடுதியில் தண்ணீர் வராமல் ஒரு காலைப்பொழுது வீணானது. மற்ற நேரமெல்லாம் கூட்டத்தில் நின்றோம், போட்டோ எடுத்தோம், அடுத்த இடத்துக்கு ஓடினோம். திரும்பி வந்ததும் மகளிடம் எது பிடித்தது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த ரூம் ஜன்னல்ல ஒரு சிலந்தி வலை கட்டிட்டே இருந்துச்சும்மா, அது" என்றாள். பயணமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேண்டியது நிறைய இடங்கள் இல்லை, ஒரே இடத்தில் நிறைய நேரம் என்று அந்தப் பதிலில் எனக்குப் பட்டது.

எங்கள் கொல்லைப்புறம் பெரிதில்லை. ஒரு மரம், துணி காயப்போடும் கொடி, நாலைந்து செடி, கூரை ஓரத்தில் மழை படாத புழுதி. அந்தப் புழுதியில்தான் எங்கள் கோடை தொடங்கியது.

குழியானை தெரியும்தானே? சிலர் குழிநரி என்பார்கள். புழுதியில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி தோண்டி, அதில் விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் பூச்சி. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், குழி தோண்டும்போது பார்த்ததில்லை. இந்த முறை நானும் மகளும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம். பூச்சி பின்பக்கமாகவே நகர்கிறது. வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே தலையால் மண்ணை அள்ளி வெளியே வீசுகிறது. வட்டம் சுருங்கச் சுருங்கக் குழி ஆழமாகிறது. கடைசியில் தாடை மட்டும் தெரிய அடியில் புதைந்துகொள்கிறது. காய்ந்த மண் சரியாமல் எவ்வளவு செங்குத்தாக நிற்குமோ, குழியின் சரிவு அந்த அளவில் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு எறும்பின் கால் பட்டாலும் சரிந்துவிடும். குழியானைக்கு வேண்டியதும் அதுதான். ஈர மண்ணில் இது நடக்காது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு எறும்பு விழுந்தது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து மண் வீசப்பட்டது, சரிந்தது, மறுபடியும் ஏறியது. "அம்மா, காப்பாத்தட்டா?" என்றாள். குழியானைக்கும் பசிக்குமே என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்குள் எறும்பு தானாகவே ஏறி ஓடிவிட்டது. இரண்டு பேரும் மூச்சு விட்டோம். இந்தப் புழுதிப்பூச்சி வளர்ந்ததும் கூட்டுக்குள் அடங்கி, நான்கு மெல்லிய சிறகோடு தட்டான் மாதிரி வெளியே வரும் என்று சொன்னேன். அவள் நம்பவே இல்லை. வரும்வரை பார்க்கப் போகிறாளாம்.

கொல்லையில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஜெனிஃபர் ஓவன் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 30 வருடம் கணக்கெடுத்த உயிரியலாளர். தோட்டத்தின் அளவு 741 சதுர மீட்டர். அதில் அவர் பதிவு செய்தது 2,673 இனங்கள், பெரும்பாலும் பூச்சிகள். காப்புக்காடு இல்லை, நகரத்துக்குள் ஒரு சாதாரண வீட்டின் தோட்டம். ஒரே இடத்தை வருடக்கணக்கில் பார்த்ததால் கிடைத்த எண்ணிக்கை அது.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை வெளியே விடுங்கள் என்றால் முதலில் வரும் கேள்வி அதுதான். எங்கள் வீட்டு விதி நிழல்தான். நிழல் உன்னைவிடக் குட்டையா இருந்தா உள்ளே வா, நீளமா இருந்தா வெளியே போ. சூரியன் உச்சியை நெருங்கும்போதுதான் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும், அதற்கு நிழலே அளவுகோல். ஆனால் சூடு வேறு. உச்சிப்பொழுது தாண்டியும் தரையும் சுவரும் சூடேறிக்கொண்டே இருப்பதால், புழுக்கம் இரண்டு மூன்று மணிக்குத்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் நிழல் நீண்ட பிறகும் காற்று ஆறும்வரை காத்திருக்கிறோம்.

அந்த மத்தியான நேரம் உள்ளேதான். "போரடிக்குது" என்பாள். நான் பதில் சொல்வதில்லை. லீவு விட்ட மறுநாளே வகுப்பு வகுப்பாகச் சேர்த்துவிடும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா இருக்கும் பிள்ளை பத்து நிமிடம் முனகும், அப்புறம் ஜன்னலுக்குப் போகும். இவளும் அப்படித்தான் போனாள். காக்கை ஒன்று கிளையில் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஓடிவந்தாள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே தண்ணீர் வைத்தோம். வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தட்டையான, ஆழமில்லாத பாத்திரமாக இருக்கட்டும், நடுவில் ஒரு கல்லும் போடுங்கள். தேனீக்கள் மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கும். தேனடை சூடானால் அவை தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்து, சிறகால் விசிறித்தான் குளிரவைக்கும். தண்ணீரை தினமும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள் கொசுதான் வளரும்.

ராத்திரியில் சுவர்க்கோழி கத்தும். குளிர்ந்த இரவில் அதன் சத்தம் இழுத்து இழுத்து வரும், வெக்கையில் வேகமெடுக்கும். அதன் உடம்புச் சூடு காற்றோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான் காரணம். 1897ல் அமோஸ் டோல்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு ஒரு கணக்கே எழுதினார். அங்கே இருக்கும் ஒரு வகைப் பூச்சி எட்டு நொடியில் எத்தனை முறை கத்துகிறதோ, அதோடு ஐந்தைக் கூட்டினால் ஏறக்குறைய செல்சியஸ் வெப்பநிலை. ஒவ்வொரு இனத்துக்கும் கணக்கு மாறும் என்பதால், எங்கள் கொல்லைப் பூச்சிக்கு நாங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். படுக்கப் போகும் முன் அவள் எண்ணுவாள், நான் நொடி பார்ப்பேன், வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். இதைவிட நல்ல கணக்கு வகுப்பு எனக்குத் தெரியாது.

போன செவ்வாய் மழை வந்தது. நாள் முழுக்க ஒரு இலை அசையவில்லை, நாலு மணிக்குக் காற்று திரும்பியது. மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று பார்க்க, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணினோம். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். பன்னிரண்டு நொடி வந்தபோதே உள்ளே வந்துவிட்டோம். கதவருகே நின்றபோது முதல் தூறலிலேயே அந்த மண்வாசனை எழுந்தது. விஞ்ஞானிகள் இதற்கு 1964ல்தான் பெட்ரிகோர் என்று பேர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் ஒரு முக்கியப் பங்கு. துளி மண்ணில் விழும்போது அடியில் சிக்கும் காற்று குமிழியாக மேலேறி வெடித்து, வாசனையைக் காற்றில் தெளிக்கிறது. மென்மையான தூறலில் இது நன்றாக நடக்கும், அடைமழையில் குறைந்துவிடும். அதுதான் முதல் ஐந்து நிமிடத்துக்கு அத்தனை மணம்.

சாரல் அடித்ததில் ஓரத்தில் இருந்த மூன்று குழிகள் தூர்ந்துபோயின. மகள் அன்று சரியாகப் பேசவில்லை. மண் காயும்வரை தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தாள். நாலாம் நாள் காலை, பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒரு குழி இருந்தது. நோட்டை எடுத்து வந்து எழுதினாள்: "ஒன்பதாவது குழி. பழைய ஆளா, புது ஆளான்னு தெரியல."