பாப்புலிசமும் பொது ஒளிபரப்பும்: ஒரு திருத்தம்

"பாப்புலிசக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பொது ஒளிபரப்பை மூடத்தான் சொல்வார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. (பாப்புலிசம் என்பது சாதாரண மக்களை ஒருபுறமும் அவர்களைக் கண்டுகொள்ளாத மேல்தட்டை மறுபுறமும் நிறுத்தும் அரசியல்; பொது ஒளிபரப்பு என்பது மக்கள் பணத்தில் நடக்கும் வானொலி, தொலைக்காட்சி.) அந்தப் பேச்சு மனப்பான்மை, ஓட்டு, மூடும் விருப்பம் என்ற மூன்று விஷயங்களைக் குழப்புகிறது.

பாப்புலிச மனப்பான்மை வேறு, ஓட்டு வேறு. 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 8 மேற்கு ஐரோப்பிய நாடுகளில் அந்த மனப்பான்மையை அளந்தது கட்சியை வைத்தல்ல; "மக்கள் பிரதிநிதிகளுக்கு நம்மைப் பற்றி அக்கறையில்லை", "சாதாரண மக்களே பிரச்சினைகளை இன்னும் நன்றாகத் தீர்ப்பார்கள்" என்ற இரண்டு கருத்துகளை வைத்து. அப்படி நினைப்பவர்களிடம் ஊடக நம்பிக்கை குறைவு என்பது உண்மைதான். ஆனால் இடதுசாரிகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு.

அவநம்பிக்கை என்றால் மூடச் சொல்வது என்றும் ஆகிவிடாது. சுவிட்சர்லாந்தில் பொது ஒளிபரப்பு பெரிதும் நம்பியிருக்கும் ஒளிபரப்புக் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று 2018 மார்ச் 4-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 71.6% பேர் ஒழிக்க வேண்டாம் என்றார்கள், ஒரு கன்டோன்கூட (அந்நாட்டு மாநிலம்) ஒழிப்பை ஆதரிக்கவில்லை. இத்தனைக்கும் அங்கே மிகப்பெரிய கட்சி வலதுசாரி பாப்புலிசக் கட்சி!