எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வந்த ஜீவகாருண்யம்
தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று மத்தியானம் ஒரு வீடியோ. எங்கள் வீட்டு கேட், உள்ளே எங்கள் நாய் ராசா, கழுத்தைத் தூக்கி ஊளை. கூடவே எதிர்வீட்டு அண்ணாச்சியின் வாசகம்: 'வாயில்லா ஜீவனைப் பூட்டிப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள். யார் கேட்பது?'

ஊர் சுற்றுகிறேனாம்! பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் போய் சாயங்காலம் வரை சரக்குக் கணக்கோடு மல்லுக்கட்டுவதற்குப் பெயர் ஊர் சுற்றுவது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேலை ஓடினால்தானே. முதலில் அண்ணாச்சியின் மூச்சிரைப்பு. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் 'டங் டங்' என்று இரும்பில் என்னமோ தட்டுகிற சத்தம். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் குடைக்காம்பு தெரிகிறது. மனுஷர் குடையால் எங்கள் கேட்டைத் தட்டுகிறார்! ராசா குரைக்கிறான். அவருக்கு அது போதவில்லை. 'ம்ம்... இடுல, ஊளைய இடு' என்று டைரக்டர் குரல் வேறு. அவனும் மரியாதை தெரிந்தவன், பெரியவர் கேட்கிறாரே என்று இட்டுவிட்டான். கேமரா அப்படியே வீட்டு முன்கூடமான தார்சா பக்கம் போகிறது. அங்கே ஃபேன் சுற்றுகிறது, சட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அது கண்ணில் பட்டதும் கேமராவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது போல, சட்டென்று கேட்டுக்கே திரும்பிவிட்டது.

உடனே குழுவில் அழுகை பொம்மைகள். நடுவில் ஒரு புண்ணியவான் 'இனிய காலை வணக்கம்' போடுகிறார், மத்தியானம் ஒன்றரைக்கு.

அப்புறம் ஆலோசனைகள். 'சங்கிலியில் கட்டிப் போட்டுட்டுப் போங்க.' நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டால் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றம் ஐயா. 'தூக்க மாத்திரை கொடுங்க.' முதலில் நீங்கள் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 'துணைக்கு இன்னொரு நாய் வாங்குங்க.' அப்போது அண்ணாச்சிக்கு இரண்டு குடை வேண்டுமே!

ராசா சிப்பிப்பாறைக் கலப்பு. முயலை விரட்டிப் பிடிக்கிற ஜாதி, சும்மா படுத்துக் கிடக்காது. அதனால்தான் விடியுமுன்னே காலி மனையில் ஓடவிட்டு, நாக்குத் தொங்க அலுத்த பிறகு கூட்டி வருகிறேன். வளர்ந்த நாய் ஆறேழு மணி நேரம் மூத்திரத்தை அடக்கும், ஆனாலும் பாவம் என்று நடுவில் வெளியே கூட்டிப்போக ஓர் ஆச்சிக்குச் சம்பளம் கொடுக்கிறேன். கேமரா கூட மாட்டியிருக்கிறேன். ஆபீஸிலிருந்து அதில் 'ராசா' என்று கூப்பிட்டால், சுவரில் முன்னங்காலை ஊன்றி எழுந்து, கேமராவுக்குப் பின்னால் என்னைத் தேடுகிறான். காணவில்லை என்றதும் வாசலைப் பார்த்து முனகுகிறான். சவத்த, அதில் பேசுவதையே விட்டுவிட்டேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகிற அன்று ஃபேனும் இல்லை, கேமராவும் இல்லை. அன்றைக்கு எனக்கு ஆபீஸில் கணக்கு என்ன கணக்கு!

இவ்வளவு ஜீவகாருண்யம் உள்ள அண்ணாச்சிதான் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் நிற்பவர். குழாய் ஸ்பீக்கர் கட்ட அவருக்கு எங்கள் கேட்டை ஒட்டிய போஸ்ட்தான் அமையும். மனுஷக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு சரி, நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். கொடை முடிகிற வரைக்கும் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடப்பான். அப்போது வாயில்லா ஜீவன் ஞாபகம் ஒருத்தருக்கும் வராது.

சாயங்காலம் வந்ததும் நேரே போய்க் கேட்டேன். 'ஏம்மா, நல்லதுக்குத்தான சொல்லுதேன், ஒனக்கு எதுக்கு இவ்வளவு கோவம் வருது?' என்கிறார். கையில் அந்தக் குடை! எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே போய்ச் சண்டை போட?

அதெல்லாம் போகட்டும். போன தீபாவளிக்கு அவர் வீட்டு மைனி வாங்கிப் போன முறுக்கு அச்சு இன்னும் வரவில்லை. கேட்டால் 'அன்னைக்கே தந்துட்டம்லா' என்கிறார். எங்கே தந்தார்கள்? பித்தளை அச்சு அது. பிடியில் எங்க அம்மை பேரு வெட்டியிருக்கு.