தோற்ற மறுநாள்

'நான் ஜெயிப்பேன் என்று தினமும் சொல்லிக்கொண்டாலே தன்னம்பிக்கை வந்துவிடும்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். 2024 சிங்கப்பூர் உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் நம் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களுடன் தோற்றார். 11-வது ஆட்டத்தில் முன்னிலை, அடுத்த ஆட்டத்திலேயே அது போய் 6-6 என்று புள்ளிகள் சமம். பதினெட்டு வயதுப் பையன்! கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு, டிரா போதும் என்று ஒதுங்காமல் இழுத்துப் பிடித்ததால்தான் 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான இடத்தில் வைத்தார்; குகேஷ் ஜெயித்தார். அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் மனப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு செய்த வேலையும் இருக்கிறது.

என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியில் கடைசி 200-ல் கால் தளர்ந்து நின்றுவிட்டாள். வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய பயிற்சியாளர் திட்டவே இல்லை. மறுநாள் காலை நன்றாகக் களைக்கவிட்டு, அந்தக் கடைசி 200-ஐ மட்டும் ஆறு முறை ஓட வைத்தார். ஆறாவது முறை முடித்ததும் புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே கேட்டாள், "இவ்வளவுதானாப்பா?"