சின்ன கம்பைலர் சி23-க்காகக் காத்திருக்க வேண்டாம்

சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சின்ன மென்பொருள்தான் டிசிசி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் டைனி சி கம்பைலர். அதன் 0.9.27 பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. அதற்கப்புறம் ஆண்டுக்கணக்காகப் பதிப்பு எண் நகரவில்லை. வேலை நின்றிருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருக்காது. ரிஸ்க்-ஃபைவ் 64 செயலிக்கும் மேக் ஓஎஸ்ஸுக்கும் ஆதரவு, சி மொழியின் 2011 தரநிலையான சி11-இன் அட்டாமிக் வசதிகள் என்று, தொடர்ந்து மாறிவரும் மேம்பாட்டுக் கிளையான ‘மாப்’பில் நல்ல நல்ல விஷயங்கள் சேர்ந்துகொண்டேதான் இருந்தன.

எண் வராததால், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் தாங்களே 2020 ஆகஸ்டு நிலவரத்தை எடுத்து, 0.9.27-க்குப் பின்னால் கிட் தேதியை ஒட்டிப் பேக்கேஜ் போட்டார்கள். டெபியன் பயனர் ஒருவர் கையில் அந்தப் பேக்கேஜ், இன்னொருவர் கையில் 2017-இல் வந்த அதே பழைய கோப்பு. இருவரும் “0.9.27-இல் பிழை” என்று எழுதினால், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பராமரிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இப்படிப்பட்ட சின்னத் திட்டங்களில் ஒரு குரல் எப்போதும் எழும்: “சி11-ஏ முழுதாக முடியவில்லை, அதற்குள் புதிய தரநிலையான சி23 வந்துவிட்டது, அதை முடித்துவிட்டு வெளியிடலாமே.” இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 1999-இன் சி தரநிலையான சி99 கலப்பெண்களையும், ஓடும்போது நீளம் தெரியவரும் அணிகளையும் கட்டாயமாக்கியது. 2011-இல் அதே தரநிலைக் குழு இரண்டையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ‘இந்த வசதி என்னிடம் இல்லை’ என்று கம்பைலர் அறிவிப்பதற்கான மேக்ரோக்களையும் அதே தரநிலை வரையறுத்தது. சி++ மொழியின் 1998 தரநிலையான சி++98-இல் இருந்த ‘எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்’ என்ற வசதியின் கதை இன்னும் மோசம். பெரும்பாலான கம்பைலர்கள் அதைத் தொடவே இல்லை. சி++11-இல் அதை நீக்கியே விட்டார்கள். அதற்காக ரிலீஸைத் தள்ளிப்போட்டவர் இருந்திருந்தால் அவருடைய உழைப்பு என்னவாகியிருக்கும்?

உண்மையில் டிசிசி பயன்படுத்துபவரை மறிப்பது பெரும்பாலும் தரநிலையில் விடுபட்ட வசதி அல்ல, நிரலில் சேர்த்துக்கொள்ளும் சிஸ்டம் ஹெடர் கோப்புகள்தான். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் ஹெடரில் நெடுங்காலமாக ஒரு வரி இருந்தது: கம்பைலர், பெரிய குனு கம்பைலரான ஜிசிசி இல்லையென்றால், கம்பைலருக்குத் தனிக் குறிப்பு தரும் அட்ரிப்யூட் என்ற சொல்லையே வெறுமையாக்கிவிடும். டிசிசி-க்கு அட்ரிப்யூட் புரியும். ஆனாலும் அந்த ஹெடரைச் சேர்த்த பிறகு, அட்ரிப்யூட் மூலம் இடைவெளியில்லாமல் அடுக்கச் சொன்ன ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்த தொகுப்பு) இடைவெளியோடு அடுக்கப்படும். எச்சரிக்கைகூட வராது, நினைவகத்தில் தரவு இடம் மாறியிருக்கும். இப்படி ஒன்றைச் சரிசெய்தவருடைய வேலை பயனர் கைக்குப் போக வேண்டாமா?

கிக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பின் குழு 2023-இல் அறிவித்த பூட்ஸ்ட்ராப் சங்கிலி (மிகச் சின்ன நிரலிலிருந்து படிப்படியாகப் பெரிய கம்பைலரைக் கட்டும் முறை) வெறும் 357 பைட் நிரலில் தொடங்குகிறது. அங்கிருந்து மெஸ் என்ற எளிய கம்பைலர், அப்புறம் 0.9.26-ஐ ஒட்டித் திருத்திய டிசிசி, அப்புறம் பழைய ஜிசிசி. அங்கே டிசிசி-யிடம் முக்கியமாகக் கேட்கப்படுவது, அந்தப் பழைய ஜிசிசி-யின் சோர்ஸைச் சரியாகக் கம்பைல் செய்வதுதான். இந்த மாதிரி வேலைக்கு அசையாத, எண் போட்ட பதிப்பு வேண்டும். தினமும் மாறும் கிளையை நம்பி இதைக் கட்ட முடியாது.

சரி, அதற்காக எதையும் பார்க்காமல் வெளியிட்டுவிடலாமா? கூடாது. தப்பான கோடைச் சத்தமில்லாமல் உருவாக்கும் பிழை ஒன்று தெரிந்தாலும் ரிலீஸை நிறுத்துங்கள், அதில் சமரசமே வேண்டாம். ஆனால் சி23-இன் பிட்இன்ட் (பிட் அளவை நாமே குறிப்பிடும் முழு எண் வகை) எதிர்ப்பட்டால், வரி எண்ணோடு தெளிவாக ஒரு பிழைச் செய்தி கொடுத்து நின்றால் போதும். அதை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.