சி.பி.எஃப். எண் வெளிநாட்டவருக்குக் கிடைக்காதா?

சாவோ பாவுலோவில் சில மாதங்கள் தங்கச் செல்லும் வெளிநாட்டவர், வசிப்புரிமை பெறும்வரை சி.பி.எஃப். எனும் வரி எண்ணைப் பெறவே முடியாது என்றொரு தகவல் பரவி வருகிறது, அது தவறு. பிரேசிலின் மத்திய வருவாய்த் துறை வழங்கும் இந்த 11 இலக்க எண்ணுக்குச் சுற்றுலாப் பயணியும் கடவுச்சீட்டைக் காட்டி விண்ணப்பிக்கலாம். புறப்படும் முன்பே பிரேசில் தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். தவறான தகவலை நம்பி எண்ணின்றித் தவிப்போரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மருந்துக்கடையில் காசாளர் "சி.பி.எஃப். நா நோட்டா?" என்று, ரசீதில் எண்ணைச் சேர்க்கட்டுமா எனக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் உள்ளூர் சிம் கார்டு, இணையவழிக் கொள்முதல், வங்கிக் கணக்கு என்று வரும்போது அது இல்லாமல் பெரும்பாலும் காரியம் நடக்காது. எனினும், இந்த எண் தங்கும் உரிமையைத் தராது. தங்கும் காலத்தை நீட்டிக்க மத்திய காவல் துறையிடமே விண்ணப்பிக்க வேண்டும்.