பெல்ட் போட்ட பலாப்பழம்

(பண்ருட்டி. மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப். சண்முகம் காரை ஓரங்கட்டுகிறார். முன் சீட்டில் ஒரு பலாப்பழம், பெல்ட் போட்டுக்கொண்டு.)

சண்முகம்: பாய், இந்த வண்டி வாயை ஒரேயடியா அடைச்சு விடுங்க. கதவு சாத்தலேன்னா கத்துது, டீசல் குறைஞ்சா கத்துது, 80 தாண்டினா கத்துது.

பாய்: 80 தாண்டினா விட்டு விட்டுக் கத்தும், 120 தாண்டினா விடாம கத்தும். 2019 ஜூலையிலேர்ந்து புதுக் காருக்கெல்லாம் சட்டமே அதான். அதென்ன, பழத்துக்கு பெல்ட்டு?

சண்முகம்: பதினஞ்சு கிலோ பாய். ஆளுன்னு நினைச்சுக்கிட்டு தோப்புலேர்ந்தே கூப்பாடு. கட்டினேன், அடங்கிச்சு.

பாய்: உங்க பெல்ட்டு?

சண்முகம்: எனக்குக் கிளிப்பு சொருகியிருக்கேன். பெல்ட்டு பூட்டுல அதைச் சொருகிட்டா, பெல்ட்டு போட்டதா நினைச்சு வண்டி அடங்கிடும்.

பாய்: சரிதான். சடன் பிரேக் போட்டா பழம் பத்திரமா இருக்கும்.

சண்முகம்: கிண்டல் பண்ணாதீங்க. நேத்து ஹைவேஸ்ல சரியா 80-ல போறேன். 'டிங்'குன்னுச்சு. செல்ஃபோனா, டீசலா, கதவான்னு மீட்டரைக் குனிஞ்சு பார்க்கிறேன். நிமிர்ந்தா எதிர்ல எருமை!

பாய்: எத்தனை செகண்டு குனிஞ்சீங்க?

சண்முகம்: ரெண்டு இருக்கும்.

பாய்: அந்த வேகத்துல செகண்டுக்கு 22 மீட்டர். 44 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கீங்க.

சண்முகம்: அதுதானே பாய் கூப்பிட்டுச்சு!

பாய்: அங்கதான் டிசைன் பண்ணினவன் கோட்டை விட்டுட்டான். ஆபத்து ரோட்டுல இருக்கு, இவன் மணியடிச்சுக் கண்ணை மீட்டருக்கு இழுக்கறான். எல்லாத்துக்கும் ஒரே டிங்கு வேற. குக்கர் விசிலும் காலிங் பெல்லும் ஒரே சத்தமா இருந்தா அக்கா எதுக்கு ஓடுவாங்க?

சண்முகம்: ரெண்டுக்கும் என்னைத்தான் ஓட விடுவா.

பாய்: சில வெளிநாட்டு வண்டியில சீட்டே அதிரும். இடது பக்கம் ஆபத்துன்னா இடது தொடையில. கண்ணு ரோட்டை விட்டு நகர வேண்டியதில்ல.

சண்முகம்: நான் வாயுத் தொல்லைன்னு நினைச்சு இஞ்சி மரப்பா தேடியிருப்பேன்.

பாய்: மனுஷன் இப்படித்தான்னு தெரிஞ்சுதான் வண்டி கட்டணும். கெடுபிடி பண்ணினாலும் வேலைக்காகாது. அமெரிக்காவுல 1974 மாடல் காருங்கள்ல பெல்ட்டு போடலேன்னா ஸ்டார்ட்டே ஆகாது. பக்கத்து சீட்டுல மளிகைப் பை வச்சாலும் அதே கதி.

சண்முகம்: பலாப்பழத்துக்கு முன்னோடி மளிகைப் பையா! அப்புறம்?

பாய்: ஜனங்க கொதிச்சுட்டாங்க. அந்த வருஷமே அதைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. பெல்ட்டுக்கான மணியும் 8 செகண்டுக்கு மேல கட்டாயமில்லைன்னுட்டாங்க.

சண்முகம்: அந்த எட்டு செகண்டை இங்க வாங்கித் தாங்க பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பாய்: கதவு, டீசல் சத்தத்தைக் குறைக்க முடியுதான்னு பார்க்கறேன். பெல்ட்டு சத்தத்துல கை வைக்க மாட்டேன். கிளிப்பைக் கழட்டுங்க. 2023-லயே ஆன்லைன்ல இதை விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சு.

சண்முகம்: என்கிட்ட பாட்டில் ஓப்பனருன்னு சொல்லித்தான் வித்தான்.

பாய்: அப்படியா? டேய் தம்பி, ரெண்டு கலர் வாங்கிட்டு வா.

(கலர் வருகிறது. பாய் கிளிப்பால் மூடியை நெம்புகிறார். கிளிப்பு வளைகிறது. மூடி அசையவில்லை.)

சண்முகம்: இதுக்கும் லாயக்கில்லையா!

(காருக்குள்ளிருந்து: டிங்... டிங்...)

சண்முகம்: இப்ப யாருக்குக் கத்துது?

பாய்: பழம் கட்டியிருக்கு. மிச்சம் இருக்கறது நீங்கதான்.