தியேட்டரில் ஓடாததால் டிவிக்குப் போன படம் அல்ல

‘எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து’ என்ற பிரிட்டிஷ் படத்தை வாங்க ஆளில்லாமல்தான் வெளியான அன்றே டிவியில் போட்டுவிட்டார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

2013 ஜூலை 5 அன்று படம் ஒரே நாளில் தியேட்டர், டிவிடி, இணைய வாடகை, பிரிட்டனின் ஃபிலிம்4 என்ற இலவச டிவி சேனல் என நான்கு வழிகளிலும் வந்தது. ஃபிலிம்4 படத் தயாரிப்பும் செய்யும் நிறுவனம்; இந்தப் படத்துக்குப் பணம் போட்டதே அதுதான். ஆகவே இது முன்கூட்டியே போட்ட திட்டம், கடைசி நேரத் தள்ளுபடி விற்பனை இல்லை. சினிமாவை வளர்க்கும் பொது அமைப்பான பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் தேசிய லாட்டரி நிதியிலிருந்து வெளியீட்டுக்கு உதவியது. வாங்க ஆளில்லை என்பதும் சரியில்லை. பிக்சர்ஹவுஸ் நிறுவனம்தான் தியேட்டர்களில் வெளியிட்டது.

இதன் கணக்கைப் பாருங்கள். அன்று பிரிட்டனில் தியேட்டருக்கும் டிவிடிக்கும் நடுவே சுமார் நான்கு மாத இடைவெளி இருக்கும். சின்னப் படம் தியேட்டருக்காக ஒருமுறை விளம்பரம் செய்து, ஜனங்கள் மறந்த பிறகு டிவிடிக்காக மறுபடியும் செலவழிக்க வேண்டும். நான்கும் ஒரே நாளில் வந்தால் ஒரே விளம்பரம் போதும். விமர்சனத்தைப் படித்தவர், பக்கத்தில் தியேட்டர் இல்லாத ஊரில் இருந்தாலும் அன்றிரவே பார்க்கலாம்.

இயக்குநர் பென் வீட்லி இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில், 12 நாளில் எடுத்தார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த சிலர், ஒரு வயல், காற்றில் சாயும் புல், அவ்வளவுதான். தியேட்டர் வசூல் சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வழியில் போன படத்தை ஒரு வழியின் வசூலை மட்டும் வைத்துத் தோல்வி என்பது நியாயமில்லை.